டிஇ ரந்தாவ் பாஸில் இரண்டு வருஷம்: வாடகை வீடு அருமை, பட்டா மட்டும் கேட்காதீர்கள்

மலேசியாவின் டிஇ ரந்தாவ் நோமாட் பாஸ், அதாவது வெளிநாட்டு வேலையை இணையம் வழியாகச் செய்பவர் அங்கே தங்குவதற்கான அனுமதி, எனக்குப் பிடித்திருந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வாங்கினேன், ஒரு தடவை நீட்டித்தேன், 2026 பிப்ரவரியில் முடிந்தது, இப்போது மதுரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரண்டு வருஷமும் பினாங்கில் நானும் மனைவியும் நிம்மதியாகத்தான் இருந்தோம். ஆனால் ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், சித்தப்பா தொடங்கிப் பழைய ஆபீஸ் நண்பர்கள் வரை, மூன்றாவது நிமிஷத்தில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: "அப்புறம், பி.ஆர். எப்போ?" நிரந்தரக் குடியிருப்பு எப்போது என்று அர்த்தம். இந்த விமர்சனத்தில் பெரும்பங்கு அந்தக் கேள்விக்கே போய்விடும், ஏனென்றால் வாங்குகிற பலர் அதை மனதில் வைத்துத்தான் வாங்குகிறார்கள், விற்கிற ஏஜென்ட்டுகளும் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம், அங்கே எல்லோரும் எம்டெக் என்பார்கள், 2022 அக்டோபரில் இதைத் தொடங்கியது. வேறு நாட்டு நிறுவனத்துக்கோ வாடிக்கையாளருக்கோ கணினி வழியாக வேலை செய்பவர் மலேசியாவில் 3 மாதம் முதல் 12 மாதம் வரை தங்கலாம், அதற்கு மேல் இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். கணினித் துறைக்காரராக இருந்தால் வருஷ வருமானம் 24,000 டாலர் காட்டினால் போதும், நம் கணக்கில் ஏறக்குறைய 20 லட்சம் ரூபாய். வேறு துறைக்காரர்களுக்கும் பிறகு கதவைத் திறந்தார்கள், ஆனால் அவர்களுக்கு 60,000 டாலர். கட்டணம் எனக்கு 1,000 ரிங்கிட், கூட வந்த மனைவிக்கு 500. மருத்துவக் காப்பீடு தனி. உள்ளூர் நிறுவனத்தில் வேலைக்குச் சேரக் கூடாது. இவ்வளவுதான் சமாச்சாரம்.

இதே மாதிரி விசாக்களை ஐரோப்பாவில் வைத்துப் பார்த்தால் மலேசியாவின் வருமான வரம்பு எவ்வளவு தாழ்வு என்று புரியும். நான் சாஃப்ட்வேர் சோதனை வேலை செய்பவன், நெதர்லாந்தில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில். பெரிய சம்பளக்காரன் இல்லை. எனக்கு எட்டிய முதல் கதவு இதுதான்.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். பாஸ்போர்ட் நகல், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தக் கடிதம், பட்டச் சான்று, சுயவிவரம், கல்யாணப் பதிவுச் சான்று. ஒரு சாயங்காலத்தில் முடிக்கக்கூடிய வேலை. இது தெரியாமல் நான் முதலில் போய் நின்றது சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் வாசலில். பெயர் வேண்டாம், குளிரூட்டிய அறை, சுவரில் பத்து நாட்டுக் கொடி, மேஜையில் பிஸ்கட். 85,000 ரூபாய் கேட்டார்கள். எதற்கு என்றால், "சார், இது வெறும் விசா இல்ல, இது ஒரு படிக்கட்டு. ரெண்டு வருஷம் நோமாட், அப்புறம் அங்கேயே பி.ஆர். அப்ளை பண்ணிக்கலாம்" என்றார் அந்தத் தம்பி. எந்தச் சட்டப் பிரிவின்படி என்று கேட்டேன். "அதெல்லாம் நம்ம டீம் பார்த்துக்கும் சார்." முன்பணமாக 10,000 கட்டிவிட்டுத்தான் வந்தேன், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து விதிமுறையைப் படித்த பிறகு அந்தப் பணம் போனதாகவே எழுதிக்கொண்டேன்.

பினாங்கு வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம். ஜெலுத்தோங் பக்கம் மூன்று அறை அடுக்குமாடி வீடு, மாதம் 1,400 ரிங்கிட். இரண்டு மாத வாடகை முன்பணம், அதோடு மின்சாரம் தண்ணீருக்கென்று அரை மாத வாடகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவனுக்கு இது சொர்க்கம். நெதர்லாந்துக்கும் பினாங்குக்கும் ஆறேழு மணி நேர வித்தியாசம், அவர்கள் காலை காபி குடிக்கும்போது எனக்கு மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், அதனால் காலை முழுக்க என் கையில். இணைய இணைப்பு இரண்டு வருஷத்தில் மூன்று தடவைதான் படுத்தது. ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் பக்கம் போனால் பூக்கடை, கேசட் காலத்துப் பாட்டு, வாழை இலைச் சாப்பாடு, 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பும்போது வழியெல்லாம் குவியல் குவியலாகத் தேங்காய், உடைப்பவர்களில் பாதிப் பேர் சீனர்கள். மனைவி முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு, "நாம இங்கேயே இருந்துடலாமா" என்றாள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால் அதுவரைக்கும் அந்தக் கேள்வியை நான் சீரியஸாக எடுத்துக்கொண்டதில்லை. என்னிடம் இருந்த பாஸின் சட்டப் பெயர் 'தொழில்முறை வருகை அனுமதி'. வருகை. பெயரிலேயே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், வந்தவர் என்று. இரண்டு வருஷம் இருந்தாலும் வந்தவர், இரண்டாவது தடவை புதிதாக விண்ணப்பித்து மறுபடி வந்தாலும் வந்தவர். அங்கே குடியிருந்த நாட்கள் நிரந்தரக் குடியிருப்புக் கணக்கில் சேர்வதில்லை.

இதை எனக்குச் சரியாகப் புரியவைத்தது சட்டப் புத்தகம் இல்லை, எதிர் வீட்டுப் பாட்டி. சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், எழுபதைத் தாண்டியவர், பேரன் வீட்டில் இருக்கிறார். நாங்கள் குடிவந்த இரண்டாம் நாளே பலகாரத் தட்டோடு வந்து உட்கார்ந்து விசாரித்தார், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளை. கடைசியாக, "நீங்க என்ன கலர் தம்பி?" என்றார். எனக்குப் புரியவில்லை. அடையாள அட்டையின் நிறத்தைக் கேட்கிறார். குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு, தற்காலிகவாசிக்குப் பச்சை. எனக்கு அட்டையே கிடையாது, பாஸ்போர்ட்டில் ஓர் ஒட்டுத்தாள் மட்டும்தான் என்றேன். பாட்டி சிரித்துவிட்டு, "என்னுது இன்னும் சிவப்புதான்" என்றார்.

அந்த மண்ணிலேயே பிறந்தவர். தோட்டத்தில் பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை, காகிதம் இல்லை, காகிதம் இல்லாததால் நீலம் வரவில்லை. பிள்ளைகளுக்கு நீலம், பேரனுக்கு நீலம், இவருக்கு மட்டும் சிவப்பு, அதனால் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. மலேசியத் தமிழர்களிடம் இந்தக் கதை புதிதில்லை, 2017-ல் அந்த அரசாங்கம் வெளியிட்ட மலேசிய இந்தியர் செயல்திட்டமே அடையாளப் பத்திரச் சிக்கலைத் தனியாக எடுத்துப் பேசியது. பால்மரம் சீவியே ஆயுசைக் கழித்தவருக்குச் சிவப்பு. இரண்டு வருஷம் கணினியைத் தட்டிய எனக்கு அதே சிவப்பைப் படிக்கட்டு வைத்துத் தருவதாக ஒருவன் 85,000 ரூபாய்க்குச் சொல்கிறான். அன்றைக்கே எனக்கு அந்த ஆசை பாதி வடிந்துவிட்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவில் நிரந்தரக் குடியிருப்புக்கு வழிகள் உண்டு, இல்லாமலில்லை. மலேசியரைக் கல்யாணம் செய்து ஐந்து வருஷம் அங்கே வாழ்ந்திருக்கலாம். 20 லட்சம் அமெரிக்க டாலரை அங்கே வங்கி வைப்பில் போடலாம், ஆமாம், டாலர்தான். ஏதோ ஒரு துறையில் நிபுணர் என்று அரசுத் துறை பரிந்துரைக்கலாம். திறமையாளர்களுக்கு 10 வருஷக் குடியிருப்புப் பாஸ் ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு மலேசியாவிலேயே வேலை அனுமதியில் குறைந்தது 3 வருஷம் உழைத்திருக்க வேண்டும், நோமாட் பாஸ் வேலை அனுமதியில் வராது. பணக்காரர்களுக்கான 20 வருஷ பிரீமியம் விசாகூட, 10 லட்சம் ரிங்கிட் வைப்பு கேட்பது, நிரந்தரக் குடியிருப்பு இல்லை, நீளமான விசாதான். இந்த வழிகளில் எதிலும் ரந்தாவ் பாஸ் முதல் படியாக இல்லை. வேறு வாசல் வழியாக, வேறு டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

இதில் எனக்கு எரிச்சல் தந்த ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு நாள்காட்டி ஆண்டில் 182 நாள் மலேசியாவில் இருந்தால் வருமான வரிச் சட்டப்படி நீங்கள் உள்நாட்டுவாசி. அந்த நாட்களை வரித்துறை ஒன்று விடாமல் எண்ணும். அதே நாட்களைக் குடிநுழைவுத் துறை எண்ணாது. வரிக்கு வீட்டுக்காரன், குடியிருப்புக்கு விருந்தாளி. மலேசியா மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள், தாய்லாந்திலும் 180 நாள் தாண்டினால் வரிவாசிதான், 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கும் அங்கே கணக்குக் கேட்கிறார்கள். விசாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ஏஜென்ட்டுகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

தாய்லாந்து என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 ஜூலையில் வந்த அவர்களுடைய டிடிவி விசாவை என் நண்பர்கள் இரண்டு பேர் வாங்கினார்கள், பார்க்க ரந்தாவைவிடக் கவர்ச்சியானது. 5 வருஷம் செல்லும், ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் 180 நாள், வங்கியில் 5 லட்சம் பாத் காட்டினால் போதும், கட்டணம் 10,000 பாத். 5 வருஷம் என்றதும் நம் ஆட்களுக்கு உடனே மனதில் மணி அடிக்கும், ஐந்து வருஷம் இருந்தால் பி.ஆர். என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். ஆனால் அது சுற்றுலா வகை விசா. தாய்லாந்தில் நிரந்தரக் குடியிருப்பு வேண்டுமென்றால் குடியேறாதோர் விசா வகையில் மூன்று வருஷம் விடாமல் நீட்டித்திருக்க வேண்டும், வேலை வழியில் போவதானால் அங்கே வேலை அனுமதியும் வரி கட்டிய சான்றும் வேண்டும், அத்தனையும் இருந்தாலும் ஒரு நாட்டுக்காரருக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று வரம்பு. இந்தியாவுக்கும் 100தான். ஐந்து வருஷ விசா என்றால் ஐந்து வருஷம் வந்து போகலாம் என்று அர்த்தம், அவ்வளவே.

அந்தச் சென்னை நிறுவனம் எனக்குக் கொடுத்த துண்டுப் பிரசுரம் இன்னும் வீட்டில் கிடக்கிறது. அதில் 'பி.ஆர். வாய்ப்புள்ள நோமாட் நாடுகள்' என்று ஒரு பட்டியல். ஜப்பான் இருந்தது. ஜப்பானின் நோமாட் அனுமதி 2024 மார்ச் கடைசியில் வந்தது, 6 மாதம்தான், நீட்டிப்பே கிடையாது, வருஷ வருமானம் 1 கோடி யென் கேட்பார்கள், மற்ற வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் குடியிருப்பு அட்டைகூட இதற்குத் தரமாட்டார்கள். அதைவிட முக்கியம், விசா விலக்கு உள்ள நாட்டவருக்கு மட்டும்தான் அது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. குரோஷியா இருந்தது. அங்கே முதலில் 1 வருஷம், 2025-லிருந்து 18 மாதம் வரை, முடிந்ததும் கையோடு தொடர முடியாது, 6 மாதம் இடைவெளி விட்டுத்தான் மறுபடி கேட்கலாம். தொடர்ச்சியாக ஐந்து வருஷம் கேட்கிற ஊரில், நடுவில் கட்டாயமாக ஆறு மாதப் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறார்கள். பள்ளம் தற்செயலாக விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எஸ்டோனியாதான் உச்சம். அந்தப் பிரசுரத்தில் 'இ-ரெசிடென்சி மூலம் ஐரோப்பிய ரெசிடென்சி' என்று போட்டிருந்தது. இ-ரெசிடென்சி என்பது எஸ்டோனியா 2014 டிசம்பரில் தொடங்கிய டிஜிட்டல் அடையாளம். அதை வைத்து அங்கே கம்பெனி பதிவு செய்யலாம், ஆவணத்தில் மின்கையெழுத்துப் போடலாம். அந்த அட்டையைக் காட்டித் தாலின் விமான நிலையத்துக்குள் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. நோமாட் விசா வேறு, அது 2020 ஆகஸ்டில் வந்தது, அதிகபட்சம் 1 வருஷம், அதுவும் விசாதான், குடியிருப்பு அனுமதி இல்லை. பெயரில் ரெசிடென்சி என்று இருந்தால் வீடு கிடைத்துவிடும் என்று நம்பினால், 'நகர்' என்று பெயர் வைத்த பொட்டல்காட்டில் பிளாட் வாங்கியவர்கள் கதைதான்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் எந்த நோமாட் விசாவும் எதற்கும் ஆகாது என்று நான் சொல்வதாகத் தோன்றும். இல்லை. நான் தேடிப் பார்த்தவற்றில் இரண்டு நாடுகளில் நிஜமாகவே அந்த வருஷங்கள் எண்ணப்படுகின்றன: போர்ச்சுகல், ஸ்பெயின்.

போர்ச்சுகலின் டி8 விசா 2022 அக்டோபர் 30-ல் வந்தது. மாத வருமானம் அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப் போல் நான்கு மடங்கு, 2025 கணக்கில் 3,480 யூரோ. இதில் இரண்டு வகை இருக்கிறது, பலர் கோட்டை விடுவது இங்கேதான். தற்காலிகத் தங்கல் வகை ஒன்று, குடியிருப்பு வகை ஒன்று. முதலாவது வாங்கினால் ரந்தாவ் மாதிரி விருந்தாளிதான். இரண்டாவது வாங்கினால் 4 மாத விசாவில் உள்ளே போய், ஐமா என்கிற குடியேற்ற முகமையில் நேரம் வாங்கி, 2 வருஷ அட்டை, அப்புறம் 3 வருஷ அட்டை, ஐந்து வருஷம் முடிந்ததும் ஏ2 அளவு, அதாவது அடிப்படைப் போர்த்துகீசிய மொழியோடு நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். ஐமா 2023 அக்டோபர் கடைசியில் பழைய துறையின் லட்சக்கணக்கான நிலுவைக் கோப்புகளைத் தலையில் சுமந்துகொண்டே பிறந்தது, அதனால் 'நேரம் வாங்கி' என்று நான் எழுதிய இரண்டு வார்த்தைக்குள் பல மாதங்கள் ஒளிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு குடியுரிமையையும் சேர்த்துக் கணக்குப் போட்டவர்களுக்கு 2025-ல் அடி விழுந்தது. ஐந்து வருஷத்தில் குடியுரிமை என்பதுதான் போர்ச்சுகலின் பெரிய கவர்ச்சியாக இருந்தது. அந்த அக்டோபரில் நாடாளுமன்றம் அதைப் பெரும்பாலோருக்கு 10 வருஷமாக்க வாக்களித்தது, டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை ஏற்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கோயம்புத்தூர் தம்பதி அந்த இரண்டு மாதமும் சரியாகத் தூங்கவில்லை. ஐந்து வருஷத் திட்டம் என்று நீங்கள் போடலாம், அந்த ஐந்து வருஷமும் சட்டம் அசையாமல் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஸ்பெயின் இதைவிடக் கொஞ்சம் தெளிவு. 2022 டிசம்பர் ஸ்டார்ட்அப் சட்டத்தில் வந்தது. வருமானம் குறைந்தபட்சக் கூலியைப் போல் இரண்டு மடங்கு, 2025-க்கு மாதம் சுமார் 2,760 யூரோ, மனைவிக்கு அந்தக் கூலியில் 75 சதவீதம் கூடுதல், பிள்ளைக்கு 25. பட்டம் அல்லது மூன்று வருஷ அனுபவம் வேண்டும். தூதரகத்தில் வாங்கினால் 1 வருஷம், ஸ்பெயினுக்குள் முறையாக இருந்துகொண்டு விண்ணப்பித்தால் 3 வருஷம், பிறகு 2 வருஷ நீட்டிப்பு, ஐந்து வருஷத்தில் நீண்டகாலக் குடியிருப்பு. சுயதொழில் செய்பவர் வருமானத்தில் 20 சதவீதம் வரை ஸ்பானிய வாடிக்கையாளரிடமிருந்தும் வரலாம், இது நல்ல விஷயம். குடியுரிமைக்கு 10 வருஷம். லத்தீன் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் 2 வருஷம் போதும், பழைய காலனி உறவு. அந்தக் கணக்கில் நமக்கு ஒன்றும் தேறாது.

ஆனால் இந்த இரண்டிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பெயினில் நீண்டகாலக் குடியிருப்புக்கு எண்ணும் ஐந்து வருஷத்தில், தொடர்ச்சியாக 6 மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, மொத்தமாகக் கூட்டினாலும் 10 மாதத்தைத் தாண்டக் கூடாது. போர்ச்சுகலில் அட்டை செல்லும் காலத்துக்குள் தொடர்ச்சியாக 6 மாதமோ விட்டுவிட்டு 8 மாதமோ வெளியே இருந்தால் அட்டையே ஆபத்தில். அதாவது, ஊர் ஊராகத் திரிகிறவனுக்குக் கொடுக்கும் விசா, திரியாமல் இருந்தால்தான் பலிக்கும். ஐந்து வருஷத்தில் 10 மாதம் என்றால் வருஷத்துக்கு இரண்டு மாதம். பொங்கலுக்கு மூன்று வாரம், மச்சான் கல்யாணத்துக்கு இரண்டு வாரம், அதிலேயே பாதிக்கு மேல் போய்விடும். என் அம்மாவுக்கு 2025-ல் முழங்கால் அறுவை சிகிச்சை, நான் மதுரையில் இரண்டரை மாதம் இருந்தேன். ரந்தாவ் பாஸில் அதை யாரும் கேட்கவில்லை, எத்தனை நாள் வெளியே இருந்தாய் என்று எண்ணவில்லை. உள்ளே இருந்ததையே எண்ணாதவர்கள் வெளியே இருந்ததை ஏன் எண்ணப் போகிறார்கள்! அந்த வகையில் அது எனக்கு வசதிதான்.

ரந்தாவ் என்ற சொல்லுக்கு மலாய் நண்பர் ஒருவர் தே தாரிக் குடித்துக்கொண்டே பொருள் சொன்னார். சொந்த ஊரை விட்டு எட்டிப் போகும் சீமை. மெரந்தாவ் என்றால் பிழைப்புத் தேடி அப்படிப் போவது, சுமத்ராவின் மினாங்கபாவ் இளைஞர்களுக்கு அது காலங்காலமாக வந்த வழக்கம். போனவன் சம்பாதித்து, உலகம் பார்த்து, ஊர் திரும்புவான் என்பது அதிலேயே அடக்கம். நம் ஊரில் 'அக்கரைக்குப் போனவர்' என்பார்களே, கிட்டத்தட்ட அது. பெயர் வைத்தவர்கள் ஒளிவுமறைவு இல்லாமல்தான் வைத்திருக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இந்தப் பி.ஆர். ஆசை ஏன் இவ்வளவு என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினால் நீலப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டையோடு வர வேண்டும். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்ளாது. அதனால் பாஸ்போர்ட்டையும் விடாமல் அங்கேயும் உரிமையோடு இருக்க நமக்கு இருக்கும் நடுவழி நிரந்தரக் குடியிருப்புதான். ஆசை நியாயமானது. தப்பான கடையில் போய்க் கேட்கிறோம், அவ்வளவுதான். அது கிடைக்கும் கடைகளின் பெயரில் 'நோமாட்' இருக்காது. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே நோமாட் விசாவே கிடையாது. ஆனால் வேலை கிடைத்து ப்ளூ கார்டில், அதாவது படித்த வேலைக்காரர்களுக்கான குடியிருப்பு அனுமதியில், போனால் 27 மாதத்தில், மொழி பி1 அளவு தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். நான் பினாங்கில் விருந்தாளியாகக் கழித்த அதே 24 மாதத்தில், என்னோடு படித்த ஒருவன் முனிச்சில் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டான். அவன் ஜெர்மன் வகுப்புக்குப் போன சாயங்காலங்களில் நான் கர்னி டிரைவ் கடற்கரையில் லக்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். யார் வாழ்ந்தது என்று நானும் அவனும் இன்னும் போனில் சண்டை போடுகிறோம்.

ஆகவே யாராவது இப்படி ஒரு விசாவை உங்களுக்கு விற்க வந்தால் வருமான வரம்பு, கட்டணம் எல்லாவற்றையும் அப்புறம் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இது விசாவா, குடியிருப்பு அனுமதியா, இந்த வருஷங்கள் நிரந்தரக் குடியிருப்புக் கணக்கில் சேருமா, எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்பதுதான். "டீம் பார்த்துக்கும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுக்கூட வரலாம்.

இனி மதிப்பெண். தங்கி வேலை செய்யும் பாஸாக ரந்தாவுக்கு 5-க்கு 4. ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்க விரும்பி, வரியும் கட்டி, ஒழுங்காக இருந்தவருக்கு அடுத்த படி என்று ஒன்றையாவது அவர்கள் யோசித்திருக்கலாம். பி.ஆர். வழியாக அதற்கு மதிப்பெண் போடுவது முறையில்லை, அவர்கள் அப்படிச் சொல்லி விற்கவே இல்லை. அந்தச் சென்னைக்காரர்களுக்கு 0, என் 10,000 ரூபாய் இன்னும் வரவில்லை.

யாருக்கு இது சரிப்படும்? கல்யாணமாகாதவர்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள், வெளிநாட்டில் இருந்து பார்க்க வேண்டும் ஆனால் அம்மா அப்பாவுக்கு ஒன்று என்றால் சீக்கிரம் ஊர் வந்து சேர வேண்டும் என்பவர்கள், தமிழ் பேசாத ஊரில் மூச்சு முட்டுகிறவர்கள். தாராளமாகப் போங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் யோசியுங்கள், ஒன்றாம் வகுப்பு அங்கே, மூன்றாம் வகுப்பு வேறு நாடு என்று ஆகும். ஐரோப்பாவில் வேர் விட வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்தவர்கள் நடுவில் மலேசியாவில் இரண்டு வருஷம் செலவழிக்காதீர்கள், அங்கே ஐந்து வருஷக் கடிகாரம் ஓடத் தொடங்க அந்த இரண்டு வருஷம் தாமதமாகும்.

நாங்கள் வீட்டைக் காலி செய்த அன்று முன்பணத்தில் சுவர் வெள்ளையடிக்க 200 ரிங்கிட் பிடித்துக்கொண்டு மீதி முழுதும் திரும்பி வந்தது. குக்கரையும் தோசைக்கல்லையும் எதிர் வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தோம். தோசைக்கல் பழகியது, கொடுத்திருக்க வேண்டாம் என்று மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.